ஜோக்கரா, கில்மாங்கரா?

இன்று ராத்திரி ஒரே படம்தான், வில்லன் மனசில் நிற்க வேண்டும் என்றால் எதைப் போடுவது? ஜோக்கர் வில்லனாக வரும் 'தி டார்க் நைட்' (2008), கில்மாங்கர் வில்லனாக வரும் 'பிளாக் பாந்தர்' (2018) இரண்டையும் மறுபடி பார்த்தேன்.

நேரம்: முன்னது 152 நிமிடம், பின்னது 134.

தழும்பு: இங்கேதான் இருவரும் பிரிகிறார்கள். ஜோக்கர் தன் வாயோரத் தழும்புக்கு ஒருமுறை குடிகார அப்பாவைக் காரணம் சொல்வான். அடுத்தமுறை மனைவிக்காகத் தானே கிழித்துக்கொண்டேன் என்பான். ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் நாக்கால் உதட்டோரத்தைத் தடவிக்கொண்டே பேசும்போது எதை நம்புவதென்றே தெரியாது. பயமே அதுதான். கில்மாங்கர் உடம்பிலோ கொலைக்கு ஒரு தழும்பு. அவன் கதை மாறாது: அப்பாவைக் கொன்றது சொந்தப் பெரியப்பா.

நியாயம்: ஜோக்கருக்கு அது தேவையே இல்லை. கில்மாங்கர் லண்டன் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்கக் கலைப்பொருட்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று, அங்கே பொறுப்பில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணிடம், இதையெல்லாம் உங்கள் முன்னோர் நியாய விலைக்கா வாங்கினார்கள் என்று கேட்பான். அந்த நிமிடமே நான் அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

நடிப்பைப் பார்த்து உறைந்துபோக வேண்டுமா, ஜோக்கர். லெட்ஜர் மறைந்த பிறகு கிடைத்த ஆஸ்கர் அதற்குத்தான். வில்லனோடு விடியவிடிய வாதாட வேண்டுமா, கில்மாங்கர். என் ஓட்டு அவனுக்கே. கத்தி நெஞ்சில் இருக்க, படத்தில் வரும் கற்பனை ஆப்பிரிக்க நாடான வகாண்டாவில் சூரியன் மறைவதைப் பார்த்தபடி அவன் சாகும்போது எனக்குக் கண் கலங்கியது.