நேபாளப் பள்ளியில் சேவை என்று விளம்பரம் வந்தால், பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பச்சைச் சுங்கடிச் சேலை கட்டிய நரைத்த தலை டீச்சர் ஒருத்தி கரும்பலகை முன்னால் நிற்கிறாள், சுற்றிலும் யூனிஃபார்ம் போட்ட நேபாளக் குழந்தைகள். இப்படி ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "எங்கள் பார்ட்னர் கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்த வாருங்கள், அக்டோபர் பேட்ச்" என்று கீழே எழுதியிருக்கிறது. அந்த டீச்சர் நான்தான். அன்று அங்கே பாடம் எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கே லீவு.

2024 அக்டோபரில் இந்த விளம்பரம் கொடுக்கும் கம்பெனி மூலம் நானும் என்னோடு ஓய்வுபெற்ற இரண்டு டீச்சர்களும் போனோம். விமான டிக்கெட் இல்லாமல் தலைக்கு 85,000 ரூபாய். அதில் 25,000 பள்ளி வளர்ச்சி நிதியாம், நேராகப் பள்ளிக்கே போய்ச் சேருமாம். கிராமம் சிந்துபால்சோக் மாவட்டத்தில், காட்மாண்டுவிலிருந்து துலிகேல் தாண்டி மலையேற வேண்டும். 2015 நிலநடுக்கத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. அதைக் கேட்டதும் மறுவார்த்தை பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டோம்.

போய் இறங்கிய மறுநாள் காலை பார்த்தால் பள்ளி கேட்டில் பூட்டு. செப்டம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தால் மூடிவிட்டார்கள் என்றார் கூட்டிப்போன ஆள். இருநூறு பேருக்கு மேல் பலிகொண்ட வெள்ளம் அது. நம்பாமல் என்ன செய்வது? பக்கத்து வீட்டிலேயே அந்தப் பள்ளியின் கணக்கு சார் குடியிருந்தார். அவர்தான் உண்மையைச் சொன்னார்: "தசைன் லீவு, மிஸ். ஒவ்வொரு வருடமும் விடுவதுதான்."

தசைன் வேறொன்றுமில்லை, நம் நவராத்திரிதான். நேபாளத்தின் மிகப் பெரிய பண்டிகை. அப்போது நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. தசைன் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் அவர்கள் தீபாவளியான திஹார் வந்துவிடும். "இந்த வருஷம் கொலு வைக்க முடியாமல் கிளம்புகிறேனே" என்று மருமகளிடம் புலம்பிவிட்டுப் போனவள் நான். அதே நாட்களில் அங்கேயும் லீவு இருக்குமோ என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. வகுப்பில் யாராவது இப்படிக் கோட்டை விட்டிருந்தால் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன்.

அன்று மத்தியானம் அந்த ஆள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை யூனிஃபார்ம் போட்டு வரச்சொன்னார். பண்டிகைக்காக மூங்கில் நட்டுக் கட்டிய ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் வந்தார்கள். ஒரு வகுப்பறையைத் திறந்து, எங்களை நிறுத்தி, ஒரு மணிநேரம் படம் எடுத்தார்கள். கையில் ஆளுக்கொரு சாக்லேட். எனக்குக் கூசிப்போனது. ஆனாலும் சிரித்தபடி நின்றேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதிக லக்கேஜுக்குக் காசு கட்டி ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொண்டுபோயிருந்தோம். சார் மரியாதையாக வாங்கி அலமாரியைத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே யார் யாரோ கொடுத்தவை, பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். அங்கே பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் நேபாளியில். முன்கூட்டியே ஒரு போன் போட்டிருந்தால் நேபாளிப் புத்தகம் காட்மாண்டுவிலேயே கிடைக்கும் என்று சொல்லியிருப்பேன் என்றார்.

"எங்கள் தன்னார்வலர்கள் கட்டியது" என்று விளம்பரத்தில் காட்டிய கழிப்பறையையும் பார்த்தேன். சுவரில் ஒரு கல்வெட்டு, அதில் 2074 என்று வருடம். அவர்கள் கணக்கு விக்ரம் சம்வத். 57 கழித்தால் 2017. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊர்க்காரர்களே திரும்பக் கட்டியது. நிலநடுக்கம் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், அங்கே சனிக்கிழமை பள்ளி விடுமுறை. "வேறு கிழமையாக இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்த சார் முடிக்கவில்லை. கம்பெனி நேபாளத்துக்கு ஆள் கூட்டிப்போக ஆரம்பித்ததே 2022இல்தான், அதை அவர்கள் விளம்பரமே சொல்கிறது.

இனி பணத்துக்கு வருகிறேன், இதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். மூன்று பேர் நிதி 75,000 ரூபாய். பள்ளியின் ரசீதிலும் 75,000 ரூபாய் என்றே இருந்தது. திருப்தியாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. அங்கே கடைகளில்கூட ஐசியா என்சியா என்று கேட்பார்கள். ஐசி நம் ரூபாய், என்சி அவர்கள் ரூபாய். நம் 1 ரூபாய்க்கு அவர்களுடைய 1.60, 1993 முதல் இதே விகிதம்தான். அப்படியானால் பள்ளிக்கு 1,20,000 போயிருக்க வேண்டும். போனது 75,000. நம் பணத்தில் ஏறத்தாழ 28,000 ரூபாய் நடுவில் காணாமல் போயிருக்கிறது. கணக்கு டீச்சரான என்னிடமே!

கேட்டதற்கு "நிர்வாகச் செலவு மேடம்" என்றார்கள். சேவை என்று சொன்னவர்கள் கொடுத்த பில்லை ஊருக்கு வந்து நிதானமாகப் படித்தேன். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் என்று போட்டு, மொத்தத் தொகைக்கும் ஜிஎஸ்டி பிடித்திருந்தார்கள். நன்கொடைக்கு ஏது ஜிஎஸ்டி? டிசிஎஸ் என்று, வருமான வரிக்காக முன்கூட்டியே வாங்கும் இன்னொரு பிடித்தமும் இருந்தது. உங்களுக்கும் பிடித்திருந்தால் விட்டுவிடாதீர்கள், வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

கிளம்பும் நாளில் சாரிடம் நேராகக் கேட்டேன், எங்களைப் போல ஆட்கள் வேண்டும் என்று பள்ளி கேட்டதா? இல்லையாம். இந்தியாவிலிருந்து விருந்தாளிகள் பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் சொன்னார்களாம். அவர்களுக்கு எது தேவை என்று கேட்டேன். கீழ் வகுப்புகளுக்கு உள்ளூரில் ஒரு டீச்சர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெண்ணின் சம்பளம்தான் மாதாமாதம் இழுபறி என்றார். எங்கள் மூன்று பேர் கட்டிய இரண்டரை லட்சத்தை மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன், சாரிடம் விடையைச் சொல்லவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். இரண்டு மாதம் இழுத்தடித்து, 28,000 ரூபாயை மட்டும் திருப்பினார்கள். அதை அப்படியே பள்ளிக்கு அனுப்பி, சாரிடம் போனில் உறுதிப்படுத்திக்கொண்டேன். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. என் படத்தை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லி நோட்டீசும் அனுப்பினேன். போன வாரம்கூட என் தம்பி மகளுக்கு அது ஃபார்வர்டாக வந்திருக்கிறது, "அத்தை, திரும்பவும் நேபாளம் போறீங்களா?" என்று கேட்கிறாள்.