ஃபுச்காவா, பானி பூரியா, கோல்கப்பாவா? கிழங்கைக் கேளுங்கள்

கொல்கத்தாவில் ஃபுச்கா வண்டி முன்னால் நின்று "பானி பூரி ஒரு பிளேட்" என்று கேட்டால் கிடைக்காமல் போகாது. ஆனால் பக்கத்தில் தின்றுகொண்டிருப்பவர் ஒரு பார்வை பார்ப்பார். உப்பின பூரி, உள்ளே மசியல், மேலே புளிப்புத் தண்ணீர். கொல்கத்தாவில் ஃபுச்கா, மும்பையில் பானி பூரி, டெல்லியில் கோல்கப்பா; ஊருக்கு ஒரு பெயர், அவ்வளவுதானே என்றுதான் நானும் இருந்தேன். கொல்கத்தா விவேகானந்தா பார்க் பக்கம் ஒரு சாயங்காலம் நின்ற பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

முதலில் பூரி. மும்பைப் பூரி பெரும்பாலும் ரவையில் செய்தது; சின்னது, வெளிர் நிறம், கடித்தால் படக்கென்று உடையும். கொல்கத்தாவில் கோதுமை மாவு தூக்கல். கொஞ்சம் பெரிசு, பழுப்பு நிறம், மெல்லிய தோல். டெல்லியில் ஆட்டாவா (கோதுமை), சூஜியா (ரவை) என்று கடைக்காரரே கேட்டுவிடுவார். பூரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதாக இருந்தால் என் ஓட்டு மும்பைக்கு. தண்ணீரை ஊற்றியதும் இளகி சட்டையில் வழிகிற பாவத்தை ரவைப் பூரி அவ்வளவாகச் செய்வதில்லை.

ஆனால் ஃபுச்காவின் உயிர் பூரியில் இல்லை, கிழங்கில் இருக்கிறது. வண்டிக்காரர் (இவர்களில் நிறையப் பேர் பீகாரிலிருந்து வந்தவர்கள்) வேகவைத்த உருளைக்கிழங்கைக் கையாலேயே மசிக்கிறார். வெந்த கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு பிடி விழுகிறது. வறுத்துப் பொடித்த சீரகமும் காய்ந்த மிளகாயும், கறுப்பு உப்பு, நறுக்கின பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் சேர்ந்த பிறகு புளித்தண்ணீரையே கொஞ்சம் எடுத்துக் கிழங்கில் விட்டுப் பிசைகிறார். நடுவில் நிமிர்ந்து, "ஜால் கேமோன்?" என்று ஒரு கேள்வி. காரம் எப்படி வேண்டும் என்கிறார். மிளகாயைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தப் பதிலைப் பொறுத்தது. தண்ணீரில் கந்தராஜ் எலுமிச்சை பிழிந்திருந்தால் வாசனை தெருவுக்கே வரும். நம் நாரத்தை இலையைக் கசக்கினால் வருமே, அந்தச் சாயல்.

அதாவது, தண்ணீரில் முக்குவதற்கு முன்பே கிழங்கு புளித்து, உறைத்து, தயாராக நிற்கிறது. இனிப்புச் சட்னிக்கு அங்கே வேலையே இல்லை.

மும்பையில் கணக்கு வேறு. ரகடா என்கிற வெந்த வெள்ளைப் பட்டாணிக் கூட்டு சூடாக உள்ளே போகும். பேரீச்சையும் புளியும் சேர்ந்த இனிப்புச் சட்னி ஒரு துளி. அதன்மேல் புதினாவும் பச்சை மிளகாயும் அரைத்த குளிர்ந்த தண்ணீர். சூடும் குளிர்ச்சியும் ஒரே வாயில் மோதுவது நல்ல வேடிக்கை, அதை மறுக்க மாட்டேன். தீக்கா (காரம்), மீட்டா (இனிப்பு), மீடியம் என்று மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மீடியம் கேட்டவர்களுக்கு இனிப்பு வந்து புளிப்பின் கையைக் கட்டிப்போட்டுவிடும். என் நாக்குக்கு அது ஒத்துவரவில்லை.

டெல்லி கோல்கப்பாவில் கிழங்கும் கடலையும் உண்டு, ஆனால் பேருக்குத்தான். ஜல்ஜீரா என்கிற மசாலாச் சீரகத் தண்ணீர்தான் கதாநாயகன். லக்னோவில் இன்னும் ஒரு படி மேலே போய், பானி கே பத்தாஷே என்ற பெயரில் ஐந்து சுவைத் தண்ணீரை வரிசையாகத் தருவார்கள். இந்தூரில் ஒரு உணவகம் 2015 ஜூலை 12 அன்று 51 சுவைகளில் பானி பூரி கொடுத்துச் சாதனை படைத்தது. 2023இல் அதே தேதியில் கூகுள் முகப்பில் பானி பூரி விளையாட்டு வந்ததுகூட அதை ஒட்டித்தான். கொல்கத்தா வண்டிக்காரரிடம் 51 தண்ணீரைப் பற்றிச் சொன்னால், கிழங்கைச் சரியாகப் பிசைந்தால் ஒன்று போதுமே என்பார் என்று நினைக்கிறேன். ஒடிசாவின் குப்சுப் பெயரில் ரொம்ப தூரம், வாயில் ஃபுச்காவுக்குப் பக்கத்து வீடு.

உண்மையான போட்டி டாக்காவிலிருந்து வருகிறது. பெயரும் அதேதான். ஆனால் அங்கே ஃபுச்கா தட்டில் வரும். பட்டாணியும் கிழங்கும் நிரப்பி, மேலே வேகவைத்த முட்டையைத் துருவிப் போட்டு, புளித்தண்ணீரைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பார்கள். அதற்கு டோக் என்று பெயர். டாக்கா பல்கலைக்கழகத்து டிஎஸ்சி (ஆசிரியர்-மாணவர் மையம்) பக்கம் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து, அரட்டை அடித்தபடி, தங்கள் கையால் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அதே வண்டியில் சட்பட்டி என்ற பட்டாணிக் கலவையும் கிடைக்கும். முட்டை எதற்கு என்று முதலில் தோன்றும். புளிப்பை அது மெத்தென்று தாங்கிக்கொள்வது இரண்டாவது வாயில்தான் புரியும்.

ஆனாலும் எனக்குக் கொல்கத்தாதான். வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் நிற்க, கையில் இலைத் தொன்னை. முறை வைத்து ஆளுக்கொன்றாக வந்து விழும். முந்தினதை முழுங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும், பேச நேரமிருக்காது. மூக்கு ஒழுகும், நிறுத்தத் தோன்றாது. நொறுங்கின பூரிகளும் வீணாவதில்லை. அதே கிழங்கில் போட்டுப் பிசறினால் சுர்முர் என்று இன்னொரு பண்டம் ஆகிவிடுகிறது.

அப்புறம் கொசுறு. மும்பையிலும் டெல்லியிலும் கடைசியில் தண்ணீர் இல்லாமல் ஒரு பூரி இனாமாகக் கிடைக்கும். டாக்காத் தட்டில் எண்ணி வைத்தது எண்ணி வைத்ததுதான், டோக் வேண்டுமானால் இன்னொரு கிண்ணம் கேட்கலாம். கொல்கத்தாவில் கொசுறுக்கு ஃபாவு என்று பெயர். காசு கொடுத்த பிறகும் யாரும் நகர மாட்டார்கள். தொன்னையை நீட்டியபடி நிற்பார்கள். வண்டிக்காரரும் ஒன்றும் கேட்காமல் கிழங்கை மட்டும் அடைத்து, உலர்ந்த பூரி ஒன்றை அதில் வைப்பார். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இருக்காது.