எம்.டி.எஃப். தட்டா, அக்ரிலிக் தட்டா? குன்னூர் ஈரத்தில் ஒட்டிப் பார்த்தது

1803இல் ஆங்கிலேயர் மராத்தியரை வென்ற அசாயே போரை, பொம்மைப் படைகளை வைத்து மேசையில் விளையாடுவதற்காக, 28 மி.மீ. உயர உலோகப் பொம்மைகளில் மதராஸ் சிப்பாய்கள் 36 பேருக்குச் சிவப்புக் கோட்டு பூசி முடித்தேன். (அந்தப் போரை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிற்பாடு வெல்லிங்டன் பிரபு. குன்னூர் பஸ்ஸில் நாம் டிக்கெட் கேட்கும் வெல்லிங்டன் அவர் பெயர்தான்.) ஆறு பேரை ஒட்டி நிறுத்த ஒரு அடித்தட்டு, 60×50 மி.மீ. மூன்று தட்டு எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை), மூன்று அக்ரிலிக் (பிளாஸ்டிக்).

விலையிலும் நேர்த்தியிலும் எம்.டி.எஃப். முந்தும். கோவையில் லேசரில் வெட்டித் தருகிறார்கள். அக்ரிலிக்கைப் பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சிய 2 மி.மீ. துண்டுகளாக வாங்கி, கீறி உடைத்தேன். கை வலித்தது.

ஆனால் ஐப்பசி மழையில் கணக்கே மாறிவிட்டது. எம்.டி.எஃப். மரநாரை அழுத்திச் செய்த பலகை. ஃபெவிகால் தடவி மணல் தூவினால், பசையிலுள்ள தண்ணீரை மேல்பக்கம் மட்டும் குடித்து உப்புகிறது. பசை காயும்போது அதே பக்கத்தைச் சுருக்கி இழுக்கிறது. இங்கே மூடுபனியில் இரண்டு நாளாகியும் ஃபெவிகால் வெள்ளையாகவே நின்றது. அத்தனை நேரமும் பலகை குடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தட்டும் அப்பளம் மாதிரி மூலை தூக்கிக்கொண்டன. வரிசையாக நிறுத்தினால், சிப்பாய்கள் பரிசலில் ஆறு கடப்பதுபோல் இருந்தது. முதலிலேயே அடிப்பக்கத்துக்கும் விளிம்புக்கும் வார்னிஷ் அடித்தால் வளைவு ஓரளவு அடங்கும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அக்ரிலிக் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனால் வழவழப்பில் ஃபெவிகால் பிடிக்காமல் மணலோடு சேர்ந்து ஏடாக உரிந்து வந்தது. சொரசொரப்பான உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த பிறகே பிடித்தது. பொம்மையின் காலடித் தகட்டைச் சுற்றி எம்-சீல் அப்பி மட்டமாக்கினேன். ஒரு மழைக்காலம் தாண்டியும் மூன்று தட்டும் நேராக இருக்கின்றன. கீழே விழுந்ததில் ஒன்றின் மூலை தெறித்தது. அந்த விஷயத்தில் எம்.டி.எஃப். கெட்டி.

டீச்சக்கையைக் காயவைத்து மண்ணாகத் தூவிப் பார்த்தேன், பூஞ்சை பூத்தது. அது தட்டின் குற்றமில்லை. தோட்டத்துச் செம்மண்ணும் சரிவரவில்லை: அசாயே தக்காணத்துக் கரிசல் பூமி, கருப்பும் பழுப்பும் கலந்துதான் பூச வேண்டியிருந்தது.

இதெல்லாம் கனமான உலோகக் காலாட்களை வைத்துச் சொல்வது. குதிரைகளின் எடையை 2 மி.மீ. அக்ரிலிக் தாங்குமா என்று இன்னும் பார்க்கவில்லை. 19ஆம் லைட் டிரகூன்ஸ் என்ற ஆங்கிலேயக் குதிரைப்படையின் பொம்மைப் பெட்டி ப்ரைமர்கூடக் காணாமல் அலமாரியில் கிடக்கிறது. மழை விடட்டும்.