47 சதவீதமா, 9 சதவீதமா? வேலை இழப்புக் கணக்கில் எதை எடுத்துக்கொள்வது

எந்திரங்களால் எவ்வளவு வேலை போகும் என்று கேட்டால் இரண்டு எண்கள் வந்து விழும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 2013-ல் சொன்னது: அமெரிக்க வேலைகளில் 47 சதவீதத்துக்கு ஆபத்து அதிகம். வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2016-ல் வெளியிட்ட ஆய்வில் அதே அமெரிக்காவுக்கு 9 சதவீதம்தான்.

இடையில் எந்திரங்கள் ஒன்றும் மக்காகிவிடவில்லை. முதல் கணக்கு ஒரு தொழிலை முழுசாக எடுத்து மதிப்பெண் போடுகிறது. இரண்டாவது, அந்தத் தொழிலில் இருப்பவர் அன்றாடம் என்னென்ன செய்கிறார் என்று பிரித்துப் பார்க்கிறது. கணக்கெழுதுபவர் எண்களை மட்டுமா ஏற்றுகிறார்? வராத பில்லைத் துரத்துகிறார், கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாளிக்கிறார். இதையெல்லாம் சேர்த்தால் ஆபத்து சட்டென்று இறங்கிவிடுகிறது.

ஏடிஎம் வந்தபோது இரண்டாவது பார்வைதான் பலித்தது. அமெரிக்காவில் ஒரு வங்கிக் கிளைக்குத் தேவையான கவுண்ட்டர் ஊழியர்கள் குறைந்தார்கள். கிளை நடத்தும் செலவும் குறைந்ததால் வங்கிகள் மேலும் கிளைகளைத் திறந்தன. மொத்த வேலை சரியவில்லை. நம்பிக்கையூட்டும் பேச்சாளர்கள் கதையை இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அப்புறம் செல்பேசியில் வங்கிச் சேவை வந்தது. 2010-க்குப் பிறகு அந்த வேலைகள் குறையத் தொடங்கின. ஏடிஎம் ஊழியரின் வேலையில் ஒரு பங்கை எடுத்தது. செல்பேசியோ, கிளைக்குப் போகும் தேவையையே எடுத்துவிட்டது. இந்த மாதிரி அடி இரண்டு கணக்கிலும் சிக்காது.

எண்ணும் முறையில் 9 தான் நியாயமானது என்பேன். ஆனால் அதை வைத்து நிம்மதியாகத் தூங்க முடியாது. ஐந்து பேர் செய்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கை மென்பொருள் செய்தால், யாருடைய தொழிலும் அழியவில்லை. நாற்காலி ஒன்று மட்டும் காலி. மிஞ்சியவர்களின் சம்பளம் என்னவாகும் என்பதையும் அந்த 9 சொல்லாது.

உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை இன்னொரு வகை. 2030-க்குள் 17 கோடி வேலைகள் புதிதாக வரும், 9.2 கோடி போகும், நிகர லாபம் 7.8 கோடி என்கிறது. சரி, ஆனால் இழப்பவரும் பெறுபவரும் ஒரே ஆளா? அமெரிக்காவில் பெண்கள் கையால் அழைப்புகளை இணைத்துக்கொண்டிருந்த தொலைபேசி இணைப்பகங்கள் 1920-களிலிருந்து தானியங்கியாக மாறியபோது, அடுத்து வேலை தேடி வந்த இளம்பெண்களுக்கு வேறு வேலைகள் கிடைத்தன. ஏற்கெனவே ஆபரேட்டராக இருந்தவர்களில் பலர் குறைந்த சம்பளத்துக்கு இறங்கினார்கள், அல்லது வேலையே இல்லாமல் போனார்கள். நிகரக் கணக்கில் அவர்கள் கழிந்துபோய்விடுகிறார்கள்.