முன்பாதிக்குக் கொடுக்கலாம் காசு: தொலைபேசி ஆங்கிலக் கையேடு ஒன்று

தமிழ்நாட்டில் அச்சாகி, இங்கே மொரீஷியஸில் ரோஸ் ஹில், காத்ர் போர்ன் பக்கம் கைமாறிக்கொண்டிருக்கும் சட்டைப்பை அளவுப் புத்தகம். பெயரும் பதிப்பகமும் வேண்டாம். இந்த வகையில் கிடைக்கும் மற்றவையும் ஏறக்குறைய இதே வார்ப்புத்தான். இடப்பக்கம் ஆங்கில வாக்கியம், அதன் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, வலப்பக்கம் பொருள். கூடவே ஓர் ஒலிப்பதிவு. முன்பாதி அலுவலகப் பேச்சு, பின்பாதி உறவு, நட்புப் பேச்சு. எபென் பகுதிக் கால் சென்டர்களுக்கு நேர்காணல் போகிறவர்களும் ஓட்டல் வரவேற்பு மேசையில் சேர்கிறவர்களும்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள்.

முன்பாதி தேறும். பின்பாதி தேறாது. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலும் ஃபிரெஞ்சும் பேசி வளர்ந்த நாக்கு ஆங்கிலத்தில் எங்கே வழுக்கும் என்பது இதை எழுதியவருக்குத் தெரியாது. மொரீஷியஸ் தமிழருக்கென்று எழுதியதில்லை, அவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். அழைப்பை எடுத்ததும் 'குட் மார்னிங்', நிறுவனத்தின் பெயர், தன் பெயர், பிறகு 'ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?' என்ற வரிசையைப் புத்தகம் விடாமல் பழக்குகிறது. இங்கே பலர் 'அலோ?' என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். லண்டனிலிருந்து கூப்பிட்டவர் எண் தவறிவிட்டதோ என்று வைத்துவிடுவார். 'நான் முருகன் பேசுறேன்' என்பதற்கு 'ஐ ஆம் முருகன் ஸ்பீக்கிங்' அல்ல, 'திஸ் இஸ் முருகன்' என்று கட்டம் போட்டுக் காட்டியிருப்பதும் சரி. 'ஹூ ஆர் யூ?' என்று கேட்டால் சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும். அந்த இடத்தில் 'மே ஐ ஆஸ்க் ஹூஸ் காலிங்?' வைத்திருக்கிறார்கள். 'ஐ'ம் அஃப்ரெய்ட் ஷி'ஸ் இன் எ மீட்டிங்' என்பதில் பயம் எதுவுமில்லை, அது 'மன்னிக்கணும்' மாதிரி ஒரு முன்சொல் என்று விளக்கியிருப்பது இன்னும் நல்லது.

முன்பாதியிலும் களை இருக்கிறது. 'வாட் இஸ் யுவர் குட் நேம்?', 'ஹி இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்' மூன்றும் சென்னையில் செல்லும் நாணயம். லண்டன்காரர் ஆள் ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்த மூன்றையும் பேனாவால் அடித்துவிடுங்கள். முறையே 'மே ஐ டேக் யுவர் நேம்?', 'ஹி'ஸ் அவே டுடே', அப்புறம் எதைச் செய்ய வேண்டுமோ அதையே பெயர் சொல்லிக் கேட்பது.

தமிழ் எழுத்து உச்சரிப்பை மட்டும் நம்பினாலும் கெட்டது காரியம். 'கால் பேக்' என்று அச்சிட்டிருக்கிறது. திரும்ப என்ற சொல்லும், தோளில் மாட்டும் பையும், மூட்டை கட்டுவதும் தமிழில் எழுதினால் ஒரே 'பேக்'தான். ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே படித்தால்தான் புத்தகத்துக்குப் பொருள். 'கேன்', 'கான்ட்' இரண்டும் தொலைபேசியில் ஒன்றையொன்று விழுங்கும். முடியாது என்றால் முழுதாக 'கேன்னாட்' என்று சொல்லச் சொல்லும் வரி எங்குமில்லை.

இனி ஃபிரெஞ்சு. 'ந கித்தே பா' (இணைப்பிலேயே இருங்கள்) என்று சொல்லிப் பழகியவர் வாயில் 'டோன்ட் லீவ்' வருகிறது. வேண்டியது 'ஹோல்ட் த லைன், ப்ளீஸ்' அல்லது 'வுட் யூ மைண்ட் ஹோல்டிங்?'. 'ழ வூ ல பாஸ்' (அவரிடம் கொடுக்கிறேன்) மனதில் ஓடும்போது 'ஐ பாஸ் யூ மிஸ்டர்...' என்று விழும்; அது 'ஐ'ல் புட் யூ த்ரூ'. 'ழ வூ ராப்பெல்' (திரும்பக் கூப்பிடுகிறேன்) என்பது 'ஐ வில் ரீகால் யூ' ஆகிவிடுகிறது. 'ஐ'ல் கால் யூ பேக்' என்றால் போதும். 'திமாந்தே' என்றால் வெறுமனே கேட்பது, ஆங்கில 'டிமாண்ட்' என்றால் அதட்டிக் கேட்பது. 'ஹி டிமாண்டட் யுவர் நம்பர்' என்று செய்தி சொன்னால் எதிர்முனை முகம் சுளிக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே 'இவென்ச்சுவலி'. ஃபிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் 'ஒருவேளை' என்று பொருள், ஆங்கிலத்தில் 'கடைசியில் கட்டாயம்'. மேனேஜர் கூப்பிட்டாலும் கூப்பிடலாம் என்ற எண்ணத்தில் 'மேனேஜர் வில் இவென்ச்சுவலி கால் யூ' என்று நீங்கள் சொல்கிறீர்கள். வாடிக்கையாளர் கட்டாயம் கூப்பிடுவார், ஆனால் இழுத்தடித்துத்தான் என்று எடுத்துக்கொள்கிறார். இரண்டு பக்கமும் நஷ்டம். 'ஹி மே கால் யூ' என்று முடித்துக்கொள்ளுங்கள்.

பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் பகுதிக்குப் புத்தகம் ஒதுக்கியது அரைப் பக்கம். நமக்கு அதுதான் தலைவலி. ஆங்கில ஏழாவது எழுத்து 'ஜீ', பத்தாவது 'ஜே'. ஃபிரெஞ்சில் அப்படியே தலைகீழ்: ஏழாவது 'ழே', பத்தாவது 'ழீ'. ஆங்கிலத்தில் 'ஈ' என்றால் ஐந்தாவது எழுத்து, ஃபிரெஞ்சுக் காதுக்கு ஒன்பதாவது. கோவிந்தன் என்ற பெயர் இப்படித்தான் ஜோவிந்தன் ஆகி ரசீதில் வரும். போதாக்குறைக்கு நம் பெயர்களுக்கு இங்கே ஒரு எழுத்துக்கூட்டு கிடையாது. வீராசாமியையே நாலைந்து விதமாக எழுதும் குடும்பங்கள் உண்டு. ஆகவே விமானிகள் பயன்படுத்தும் எழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்யுங்கள். 1956 முதல் உலகம் முழுக்க அதே பட்டியல்தான். வீராசாமியின் ஒரு எழுத்துக்கூட்டு இப்படி வரும்: 'வி ஃபார் விக்டர், டபுள் ஈ ஃபார் எக்கோ, ஆர் ஃபார் ரோமியோ, ஏ ஃபார் ஆல்ஃபா, எஸ் ஃபார் சியேரா, ஏ ஃபார் ஆல்ஃபா, டபிள்யூ ஃபார் விஸ்கி, எம் ஃபார் மைக், ஒய் ஃபார் யாங்கி.' மூன்று மூன்று எழுத்தாக நிறுத்தி, எதிராளி 'யெஸ்' சொன்ன பிறகு அடுத்த மூன்று.

'எஃப்', 'எஸ்' இரண்டும் ஏன் குழம்புகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய தரத்துத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துக்காட்டும் சீறல் அதற்கு மேலே இருக்கிறது. கத்திச் சொல்வதால் பயனில்லை, சொல்லை மாற்றித்தான் ஆகவேண்டும்.

எண்களுக்கும் இதே கதி. நம் கைபேசி எண் எட்டு இலக்கம், பெரும்பாலும் 5-இல் தொடங்கும். ஃபிரெஞ்சுப் பழக்கத்தில் இரண்டிரண்டாகச் சொன்னால் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' சண்டை வரும். 97 என்பதைக் 'காத்ர் வேன் தீஸ் செத்' என்று கேட்டுப் பழகிய கை, 'காத்ர் வேன்' (எண்பது) காதில் விழுந்ததுமே 8 எழுதத் தொடங்கியிருக்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு இலக்கமாக, நாலு சொல்லி நிறுத்தி, மீதி நாலு. சுழியத்துக்கு 'ஓ' அல்லது 'ஸீரோ'. அடுத்தடுத்து ஒரே இலக்கம் வந்தால் 'டபுள்'. வெளிநாட்டுக்காரர் என்றால் முன்னால் நாட்டுக் குறியீடு 230 சேர்த்து. கடைசியில் 'லெட் மி ரீட் தட் பேக் டு யூ'. இந்த வரி புத்தகத்தில் இருக்கிறது, எழுதியவருக்கு நன்றி.

நேரம் குறிக்கும்போது 'யுவர் டைம் ஆர் மைன்?' என்று கேட்காமல் வைக்காதீர்கள். லண்டன் அதன் கோடையில் நமக்கு 3 மணி, அதன் குளிர்காலத்தில் 4 மணி பின்னால். இது புத்தகத்தில் எங்குமில்லை. 'ஹாஃப் எய்ட்' என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் எட்டரை, ஏழரை அல்ல.

பின்பாதிக்கு வருவோம். 'ஹேங் ஆன் எ செக்', 'காட் எ மினிட்?', 'யூ'ர் பிரேக்கிங் அப்', 'ஐ'வ் காட் டு ரன்' எல்லாம் சரியான வரிகள். ஆனால் யாரிடம்? வீட்டில் நாம் பேசுவது கிரியோல். உறவோடு ஆங்கிலம் தேவைப்படுவது தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கோ லண்டனுக்கோ கூப்பிடும்போது. காவடிக்கு வருகிறீர்களா என்று டர்பன் பெரியம்மாவிடம் கேட்க, புத்தகம் தரும் 'ஹே மாலா, வாட்ஸ் அப்?' உதவுமா? அங்கே பெரியவர்கள் 'ஆன்ட்டி'தான். 'ஹலோ ஆன்ட்டி, இட்ஸ் குமார் ஃப்ரம் மொரீஷியஸ், இஸ் திஸ் எ குட் டைம்?' போதும். தென்னாப்பிரிக்காவிலிருந்து யாராவது 'ஐ'ல் கால் யூ ஜஸ்ட் நவ்' என்றால் போனையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அங்கே 'ஜஸ்ட் நவ்' என்றால் 'கொஞ்சம் கழித்து', அந்தக் கொஞ்சம் ஒரு மணி நேரமும் ஆகலாம்.

குரலஞ்சல் பக்கம் ஒன்று கடைசியில் இருக்கிறது, மோசமில்லை. பெயர், எண், விஷயம் என்ற வரிசை. எண்ணை முடிவில் மறுபடி, இன்னும் மெதுவாகச் சொல்லச் சொல்லும் வரியை மட்டும் ஓரத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.