வீட்டு வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற: இரண்டு வருட அனுபவம்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தி மகன் போன வாரம் போன் செய்தான். "அண்ணே, அம்மாவோட கல்யாணக் கேசட்டை மாத்தணும். நீங்க வச்சிருக்கிற அந்த யுஎஸ்பி டாங்கிள் போதுமா?" போதும், போதாது என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

கேசட் பிளேயரைக் கணினியோடு இணைக்கும் சின்னக் கருவிதான் அந்த டாங்கிள். வாங்கிய புதிதில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. 50 ரிங்கிட்கூட ஆகவில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருகினால் படம் வந்துவிடும். நம் மலேசியாவின் விஎச்எஸ் வீடியோ கேசட்டுகள் பெரும்பாலும் பிஏஎல் என்ற ஒளிபரப்பு முறையில் பதிந்தவை. அதனால் பட அளவு 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம் என்று வைத்துவிட்டால் சரி.

கோளாறு சத்தத்தில் வந்தது. 1995 தைப்பூசத் திருவிழாவின்போது அப்பா எடுத்த கேசட் அது. வெள்ளி ரதம் வருவதற்கு முன்னால் தெரு முழுக்கத் தேங்காய் குவிந்து கிடக்கும். முதல் பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. முக்கால் மணி நேரம் ஓடியதும் பார்த்தால், தேங்காய் சிதறி முடிந்த பிறகு உடைகிற சத்தம் கேட்கிறது. அம்மா வாயை மூடிய பிறகு அம்மாவின் குரல் வருகிறது. அப்பா இப்போது இல்லை. அவர் கேமராவுக்குப் பின்னால் நின்று "இங்க பாரு, இங்க பாரு" என்கிறார், நாங்கள் அதற்கு முன்பே திரும்பிவிடுகிறோம். எனக்குத் தாங்கவில்லை.

சாஃப்ட்வேரை மாற்றினேன், கணினியையே மாற்றினேன். மூன்று மாதம் போனது. காரணம் டேப்பிலேயே இருந்தது. அப்பா நிறுத்தி நிறுத்தி எடுத்திருக்கிறார். நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும் படத்தின் சீரைக் காட்டும் சிக்னல் குலைந்துபோகிறது. டாங்கிள் அங்கே சில படங்களைத் தவறவிடுகிறது, சத்தம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. பெட்டியின் மேல் 'டிவிடி தரம்' என்று பெரிதாக அச்சடிக்கத் தெரிந்தவர்கள் இதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு காலை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு பானாசோனிக் டிவிடி ரெக்கார்டர் கிடைத்தது. டிஎம்ஆர்-ஈஎஸ்15, டிஸ்க் தட்டு திறக்காது, 40 ரிங்கிட். அதில் எதையும் பதிவு செய்யப் போவதில்லை. பிளேயரின் வயர் அதற்குள் போகிறது, அதிலிருந்து படத்துக்கான எஸ்-வீடியோ வயரும் சத்த வயரும் டாங்கிளுக்கு வருகின்றன. நடுவில் நின்று குலைந்த சிக்னலைச் சீராக்கி அனுப்புகிறது, அவ்வளவுதான் வேலை. அதே கேசட், அதே டாங்கிள். தேங்காய் விழுந்த நொடியே சத்தம்! நெளிந்து தெரிந்த காவடிக் கம்புகள்கூட நேராக நின்றன. முகங்களைக் கொஞ்சம் வழுவழுப்பாக்கிவிடுகிறது என்பது உண்மை, எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. டாங்கிளைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: சீரான சிக்னல் கொடுத்தால் அது ஒரு படத்தைக்கூட விடுவதில்லை.

பிளேயர்தான் இப்போது பெரிய தலைவலி. 2016இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் விஎச்எஸ் பிளேயர் தயாரிப்பதை நிறுத்திய பிறகு புதியது கிடையாது, கிடைப்பதெல்லாம் பழசுதான். பினாங்குக் காற்றின் ஈரத்தில் கேசட்டுகளும் பூசணம் பிடித்துவிடுகின்றன. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேப் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரியும். போன மாதம் அப்படி ஒன்றைக் கவனிக்காமல் போட்டுவிட்டேன். பிளேயரில் டேப்பைப் படிக்கிற ஹெட் முழுக்க அழுக்கு, சுத்தம் செய்து ரப்பர் பெல்ட் மாற்ற 120 ரிங்கிட். நல்லவேளை, டேப் அறுந்துபோகவில்லை.

அதனால் தம்பி, இவ்வளவு நல்லதாகச் சொன்ன பிறகும் என் பதில் இதுதான்: நீ எதுவும் வாங்காதே. உன்னிடம் இருப்பது நாலு கேசட். அதற்காகப் பிளேயர் தேடி, ரெக்கார்டர் தேடி அலைய வேண்டாம். ஒரு சனிக்கிழமை ஃபெர்ரி ஏறி எங்கள் வீட்டுக்குக் கொண்டு வா, சித்தியையும் கூட்டிக்கொண்டு வா. வெள்ளைப் பொடி இருக்கிற கேசட்டை மட்டும் தனிப் பையில் போட்டுக் கட்டு.