பிறந்த மாதப் பூ நகை: ரெசினா, பாலிமர் களிமண்ணா, வெள்ளியா?

தங்கச்சிமடத்தில் வீட்டிலேயே ஒரு மேசை போட்டு, பிறந்த மாதப் பூக்களை வைத்து நகை செய்கிறேன். மூன்று வருஷம் ஆகிறது. அச்சில் ஊற்றினால் கண்ணாடி போல இறுகுகிற ரெசினில் ஆரம்பித்து, நடுவில் கொஞ்ச நாள், சுட்டால் கெட்டியாகிற பிளாஸ்டிக் மாவான பாலிமர் களிமண் பிசைந்து, இப்போது பெரும்பாலும் வெள்ளித் தகட்டில் நிற்கிறேன். புதிதாக இதில் இறங்குகிற பெண்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். நான் வெள்ளிப் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சாய வைத்தது இந்த ராமேஸ்வரம் தீவின் உப்புக் காற்று.

அதற்கு முன்னால் பூக்களைப் பற்றி. பிறந்த மாதத்துக்கு இன்ன பூ என்கிற பட்டியல் மேல்நாட்டுடையது. ஜனவரிக்குக் கார்னேஷன், மார்ச்சுக்கு டாஃபடில், ஜூனுக்கு ரோஜா, ஜூலைக்கு லார்க்ஸ்பரும் ஆம்பலும், செப்டம்பருக்கு ஆஸ்டரும் மார்னிங் குளோரியும், அக்டோபருக்கு மேரிகோல்டு, நவம்பருக்குச் சாமந்தி. பன்னிரண்டு மாதத்தில் நம் கையில் பச்சையாகக் கிடைப்பது ஐந்தாறு பூதான். டாஃபடிலுக்கு எங்கே போவது? உண்மையான பூவை அடைத்துத் தருகிற ரெசின் வேலைக்கு இது முதல் முட்டுக்கட்டை. உலர்ந்த பூவை வெளியிலிருந்து வாங்கினால் பாதி நொறுங்கி வருகிறது.

ஆனால் பொருள் சொல்வதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பூவின் பெயரை வைத்தவர்கள் நாம். கீழக்கரையிலிருந்து ஒரு அக்கா ஜூலைப் பூ வைத்த டாலர் (சங்கிலியில் கோக்கிற பதக்கம்) கேட்டார். கணவர் வளைகுடாவில் வேலை. மேல்நாட்டுக் கணக்கில் ஆம்பலுக்குத் தூய்மை என்று பொருள். அதே இனத்து நெய்தலுக்கு நம் பக்கத்தில் பிரிந்திருப்பவளின் இரங்கல். இரண்டையும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதைத்தான் அவர் திரும்பத் திரும்பப் படித்தார்.

அக்டோபருக்கு வேறு மாதிரி. பழைய ஆங்கில மலர்மொழியில் மேரிகோல்டு துக்கத்தைக் குறிக்கும். அங்கே அந்தப் பெயரில் முதலில் சொன்னது கேலண்டுலா என்கிற செடியை. இங்கே மேரிகோல்டு என்று சொல்கிற நம் துலுக்கச் சாமந்தி வேறு செடி. இங்கே ஆயுத பூஜைக்கும் கல்யாண வாசலுக்கும் கட்டுகிற பூவை வைத்துக்கொண்டு துக்கம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. மங்கலம் என்றே எழுதுகிறேன்.

சரி, ரெசின். அதன் பலம் எல்லோருக்கும் தெரியும். செலவு கம்மி, அச்சு இருந்தால் ஒரே நாளில் பத்து டாலர் ஊற்றலாம், நிஜப் பூ உள்ளே தெரியும். எனக்கு அடி விழுந்தது மல்லியில். இந்த ஊரில் எந்த மாதத்தில் பிறந்தவரும் கடைசியில் மல்லிதான் கேட்பார். ராமநாதபுரம் குண்டுமல்லிக்கே பேர் போன மாவட்டம் இது. பட்டியலில் மல்லி இல்லை என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லில் ஒரு வாரம் புதைத்து உலர்த்தி, வெள்ளையாகவே எடுத்து ஊற்றினேன். மூன்றே மாதத்தில் இதழ் ஓரம் தேயிலைச் சக்கை நிறத்துக்கு வந்துவிட்டது. இதழில் துளி ஈரம் மிச்சம் இருந்தாலும் உள்ளிருந்தே பழுக்கும். வெள்ளைப் பூக்களில் அது உடனே தெரியும். மஞ்சள் பூக்கள் பரவாயில்லை.

இன்னொரு தடவை ஐப்பசி அடைமழையில் ஊற்றினேன். ரெசின், அதை இறுக்குகிற திரவம் என்று இரண்டு பாகத்தையும் அளந்துதான் கலந்தேன். மூன்று நாள் கழித்தும் மேலே பிசுபிசுப்பு, தொட்டால் விரல் ரேகை பதிகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் எப்பாக்ஸி வகை ரெசின் அப்படித்தான் மேலே பால் படலம் கட்டும். பதினான்கு டாலர் போனது. வாங்கின இடத்தில் கேட்டதற்கு, சரக்கில் குறை இல்லை, என் கை சரியில்லை என்றார்கள். ஏசி அறை இருந்தால் இதைச் சமாளிக்கலாம். என்னிடம் இல்லை.

பாலிமர் களிமண்ணை நான் இருபது ஜோடித் தோடு அளவுக்குத்தான் செய்திருக்கிறேன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஓவனில் 110 முதல் 130 டிகிரி சூட்டில், பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி சுட்டால் கெட்டியாகும். எடை இல்லை, நிறம் அப்படியே நிற்கிறது, உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. ரோஜாவுக்கும் சாமந்திக்கும் இதைவிட எளிய வழி கிடையாது. மெல்லிய இதழ்தான் ஒடிகிறது. சித்திரை வெயிலில் சுடாத களிமண்ணை மேசை மேல் விட்டுவிட்டால் கையில் ஒட்டும், நாள் போனால் பாதி கெட்டியாகியே கிடக்கும்.

இந்த இரண்டுக்கும் பொதுவான தொல்லை, மாட்டுகிற கொக்கி. முலாம் பூசிய மலிவுக் கொக்கி பாம்பன் காற்றில் மழைக்காலம் ஒன்று தாண்டுவதற்குள் பச்சை பிடிக்கிறது, காதும் அரிக்கிறது. எதில் செய்தாலும் கொக்கியையாவது வெள்ளியிலோ நல்ல ஸ்டீலிலோ போடுங்கள்.

இப்போது வெள்ளி. நான் எடுப்பது 925, அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை பங்கு வெள்ளி, சுமார் 0.8 மில்லிமீட்டர் தகடு. பூவை வரைந்து ஒட்டி, மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, இதழ் நரம்பை உளியால் கீறி, வெங்காரம் தடவி, பற்றவைக்கிற உலோகப் பொடி வைத்து வளையத்தைப் பற்றவைக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு பத்தரிடம் நான்கு மாதம் போய்க் கற்றுக்கொண்டது. ஒரு டாலர் முடிய ஒரு நாள் ஆகிறது. வெள்ளி விலை ஏறுகிற வேகத்தில் தகடு வாங்கப் போகும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. இதெல்லாம் உண்மையான குறைகள். முதலீடு இல்லாதவர்களை வெள்ளியில் இறங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் வெள்ளி கறுக்குமே என்பார்கள். கறுக்கும்தான். காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பாகிறது. கடற்கரையில் ஈரமும் உப்பும் அதை விரைவாக்குகின்றன. 925இல் மீதி ஏழரை பங்கு பெரும்பாலும் செம்பு, அதுவும் சேர்ந்து மங்கும். மதுரையில் இருக்கிற என் தங்கையின் டாலர் ஆறு மாதத்தில் மங்கினால், இங்கே எனக்கு ஆறு வாரம் போதும். ஆனால் அந்தக் கறுப்பு மேலே மட்டும்தான் இருக்கிறது, துடைத்தால் போகிறது. ரெசின் வெயிலில் மஞ்சளித்தால் அது உள்ளே வரைக்கும் போன மாற்றம். அதைத் திருப்ப என்னிடமும் வழி இல்லை, வாங்கியவரிடமும் இல்லை. பிறந்த மாதத்துப் பூ என்று ஒருவர் ஆயுசுக்கும் வைத்துக்கொள்ள வாங்குகிறார். அவர் கையாலேயே பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற பொருளைக் கொடுப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

துடைப்பதற்கும் முறை உண்டு. காய்ந்த விபூதியைப் பருத்தித் துணியில் தொட்டு லேசாகத் தேய்த்தால் மேல்பரப்பு பளிச்சென்று ஆகும், கீறிய நரம்புக்குள் கறுப்பு தங்கிவிடும். ஆம்பல் இதழில் அந்தக் கறுப்புக் கோடுகள்தான் உயிர். புதிதாகச் செய்து கொடுத்ததைவிட, ஒரு வருஷம் போட்டுத் துடைத்த டாலர் எனக்கு அழகாகத் தெரிகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசுங்கள். அலுமினியத் தாள், ஆப்ப சோடா, உப்பு போட்ட வெந்நீரில் முக்குகிற வழியும் வேலை செய்யும். ஆனால் அது நரம்புக் கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும், பூ மொட்டையாகத் தெரியும். பற்பசை வேண்டவே வேண்டாம், கீறல் விழும். கழற்றியதும் ஈரம் துடைத்து, ஜிப் பையில் காற்றை அழுத்தி எடுத்துவிட்டு வையுங்கள்.

ஒடிந்தாலும் பற்றவைக்கலாம். வேண்டாம் என்றாகிவிட்டால் எடைக்காவது போகும்.

வெள்ளியில் நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது செப்டம்பர். மார்னிங் குளோரிக்குப் படம் தேடியபோதுதான் உறைத்தது, தனுஷ்கோடி மணலில் நாம் மிதித்துப் போகிற அடம்பு அதே குடும்பம். மான் குளம்பு போலப் பிளந்த இலை, காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடுகிற இளஞ்சிவப்புப் பூ. ரெசினில் போடப் பறித்தால் வீடு வருவதற்குள் சுருண்டுவிடும். மணலில் முழங்காலிட்டு வரைந்துகொண்டு வந்தேன். தகட்டில் புனல் வடிவம் வருவதற்குப் பின்பக்கமிருந்து மெல்லத் தட்டி எழுப்ப வேண்டும். மூன்று தகடு கிழிந்து நான்காவது நின்றது.

நிறம் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு, வெள்ளி மேல் நிறக் கண்ணாடிப் பொடியை உருக்கி ஒட்டுகிற எனாமல் இருக்கிறது. நான் இரண்டே இரண்டு செய்திருக்கிறேன், ஒன்று விரிசல் விட்டது. ஆகவே அதில் என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சிப்பி சேர்க்கலாமே என்பவர்கள் எந்தச் சிப்பி என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில வகைகளுக்கும் பவளத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. கரை ஒதுங்கிய பவளத் துண்டு என்றாலும் தொடாதீர்கள்.

ரெசினை நான் முழுக்க விடவில்லை. கல்யாண மாலையிலிருந்து உதிர்ந்த துலுக்கச் சாமந்தி இதழைக் கொண்டுவந்து, இதுவே வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும், மாசியிலிருந்து வைகாசிக்குள் காய்ந்த நாள் பார்த்து ஊற்றித் தருகிறேன். வெயிலில் போடாதீர்கள், நாளாவட்டத்தில் மஞ்சளிக்கும் என்று அட்டையிலேயே எழுதிவிடுகிறேன். சாமந்தி என்பதால் அந்த மஞ்சள் அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது.